கோடை விடுமுறையில் வீட்டிலேயே இருப்பது: பர்மாவில் நம் பிள்ளைகளுக்கு இது போதுமா?

தாம்வே வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பள்ளிகள் மூடிவிட்டன; இனி ஜூன் தொடக்கத்தில்தான் திறப்பார்கள். ரங்கூன் தாம்வேயில் இருக்கும் நாங்கள் இந்தக் கோடையில் நுவேசாங் கடற்கரைக்கோ வேறு ஊருக்கோ போகவில்லை. அடுத்த வகுப்புப் பாடங்களை முன்கூட்டியே நடத்தும் டியூஷனிலும் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. பங்குனியும் சித்திரையும் குடும்பத்தோடு வீட்டிலேயே இருந்துவிடுவது என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம்.

இதைச் சொன்ன நாள் முதல் உறவுக்காரர்கள் எங்களை விட்டபாடில்லை. பிள்ளைகளைச் சும்மா வைத்திருந்தால் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்கிறார் என் நாத்தனார். பக்கத்து வீட்டுப் பர்மியக் குடும்பம் தங்கள் மகனுக்குத் தலைமுடி மழித்து, காவி உடுத்தி, இந்தக் கோடைக்கு மடத்தில் சேர்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு அதில் ஒரு நோக்கம் இருக்கிறதே, உங்களுக்கு என்ன நோக்கம் என்று கேட்கிறார் என் அண்ணன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. அது சரிதானா என்று உங்களிடம் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் மகனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு எட்டு. பள்ளி நடக்கும் மாதங்களில் அவர்கள் காலையிலிருந்து மாலை வரை பர்மிய மொழியில்தான் இருக்கிறார்கள். மாலையில் டியூஷனும் பர்மிய மொழிதான், தெருவில் விளையாட்டும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தபின் அவர்கள் கேட்கும் தமிழ் எது என்று ஒரு நாள் கவனித்துப் பார்த்தேன். குளித்தாயா, சாப்பிட வா, பையை எடுத்து வை, விளக்கை அணைத்துவிட்டுப் படு: இவ்வளவுதான். கட்டளையும் விசாரணையும் மட்டுமே அவர்களுக்குத் தமிழாக இருந்தன. கெஞ்சுவதற்கும், வாதாடுவதற்கும், கதை கேட்பதற்கும், ஒரு பெரியவரோடு கணக்கில்லாமல் பேசிக்கொண்டிருப்பதற்கும் நேரம் வேண்டும். அந்த நேரம் ஆண்டில் இந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது. அதையும் டியூஷனுக்குக் கொடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு நம் மொழி சமையலறை வாசலைத் தாண்டாது.

போன கோடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பகல் பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போய்விட்டது. பிள்ளைகள் இருவரும் சிமெண்டுத் தரையில் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் கால் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். என் மாமியார், அதாவது அவர்களுடைய அப்பாயி, புளி எடுத்த கொட்டைகளில் நான்கைப் பொறுக்கி, வாசல்படிக் கல்லில் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கினார். கரித்துண்டால் தரையில் தாயக்கட்டம் போட்டார். ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், நான்கும் கறுப்பாக விழுந்தால் எட்டு. பிள்ளைகள் பழக்கத்தில் "தித், நித், தோன்" என்று பர்மிய மொழியில் எண்ணியபடி காயை நகர்த்தினார்கள். அப்பாயி அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, தமிழில் எண்ணினால்தான் காய் நகரும் என்றார். இருவரும் எதிர்த்தார்கள், சண்டை போட்டார்கள், பிறகு தமிழிலேயே சண்டை போட்டார்கள். மின்சாரம் மாலை வரை வரவில்லை. அது எப்போது வரும் என்று யாரும் கேட்கவுமில்லை.

இதைத்தான் நான் சும்மா இருப்பது என்கிறேன். உங்கள் வீடுகளில் எப்படி? பிள்ளைகளின் கோடையை எதற்குக் கொடுக்கிறீர்கள்?

மௌல்மீன் ஆசிரியர் எழுதியது:

தங்கச்சிக்கு வணக்கம். உங்கள் மாமியார் செய்ததை ஓர் ஆசிரியனாக இருந்து நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் உங்கள் முடிவில் ஒரு பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

இந்த நாட்டில் ஒரு காலத்தில் தமிழ்ப் பள்ளிகள் இருந்தன என்பது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1962-இல் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானதைப் போலவே தனியார் பள்ளிகளும் அரசுடைமையாயின. லட்சக்கணக்கானவர்கள் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். இங்கேயே தங்கிவிட்ட நம் பெற்றோர்களுக்குத் தமிழ் கற்பிக்க மிஞ்சியது கோயில் மண்டபமும் கோடை விடுமுறையும்தான். ஆண்டு முழுவதும் அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைக் கோடையில் கோயிலில் உட்கார வைத்து அ, ஆ எழுத வைத்தார்கள். நான் எழுதக் கற்றது அப்படித்தான். நான் கற்பித்ததும் அப்படித்தான். கரும்பலகைக்குக்கூட வழியில்லாத ஊர்களில் தாம்பாளத்தில் மணலைப் பரப்பி எழுத வைத்திருக்கிறோம்.

வீட்டில் பேச்சு வரும், மறுக்கவில்லை. எழுத்து வராது. பாட்டி மடியில் படுத்துக்கொண்டு ற-வுக்கும் ர-வுக்கும் வேறுபாடு கற்ற பிள்ளையை நான் பார்த்ததில்லை. பேச மட்டும் தெரிந்த ஒரு தலைமுறைக்குப் பிறகு வரும் தலைமுறைக்குப் பேச்சும் இருப்பதில்லை. இதை எங்கள் மாநிலத்துச் சிற்றூர்களில் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அங்கே கோயிலில் தமிழில் அர்ச்சனைச் சீட்டு எழுத ஆள் இல்லாமல் பர்மிய எழுத்தில் பெயர் எழுதித் தருகிறார்கள்.

ஆகவே காலையில் இரண்டு மணி நேரத்தை மட்டும் கோயில் வகுப்புக்குக் கொடுங்கள். வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகள் வீடு திரும்பிவிடுவார்கள். மீதி நாள் முழுவதும் அப்பாயியுடையதாக இருக்கட்டும்.

மாந்தலே அன்பர் எழுதியது:

வீட்டில் இருப்பதைப் பற்றிய பேச்சு என்பதால் எழுதுகிறேன்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. பகல் 12.50 மணி. பிள்ளைகளின் விடுமுறை தொடங்கியிருந்த நேரம். நான் கடையில் இருந்தேன். மனைவியும் பிள்ளைகளும் என் தாயாரும் வீட்டில். 7.7 அளவு நிலநடுக்கம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். நான் ஓடிவந்து பார்த்தபோது என் தாயார் தெருவின் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பிள்ளைகள் அவர் காலடியில். வீடு நின்றது, ஆனால் பின்சுவர் பிளந்திருந்தது. அதன்பின் வாரக்கணக்கில் அதிர்வுகள் நிற்கவில்லை. அந்த வெயிலில், தார்ப்பாயின் கீழ், தெரு ஓரத்தில், பர்மியர், தமிழர், முஸ்லிம்கள், சீனர் எல்லோரும் அருகருகே படுத்திருந்தோம். ஏப்ரல் 14 அன்று என் தாயார் தார்ப்பாய்க்கு வெளியே அடுப்பு மூட்டி, வெல்லம் போட்டுக் கொஞ்சம் பாயசம் வைத்தார். வேப்பம்பூ பக்கத்து மரத்திலேயே இருந்தது. அந்த ஆண்டுத் திஞ்சான், அதாவது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, எங்கள் ஊரில் ஆட்டமும் பாட்டும் இல்லாமல் கடந்துபோனது.

அப்போது என் மகள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: வீட்டுக்குள் போய்ப் படுக்கலாமா என்பது. அந்த ஒன்றை மட்டும் அப்போது என்னால் கொடுக்க முடியவில்லை. இப்போது பின்சுவர் கட்டி முடித்தாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் இந்தக் கோடைக்கு யாரும் எந்தத் திட்டமும் போடவில்லை. முன்கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வோம். என் பிள்ளைகள் எதையாவது மறந்துவிடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

ஆசிரியர் ஐயா மேல் எனக்குக் குறையில்லை. வகுப்பு நடக்கட்டும். நாங்கள் அடுத்த ஆண்டு பார்க்கிறோம்.

பெகு இல்லத்தரசி எழுதியது:

மாந்தலே அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வேறொன்றைப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இந்தப் பேச்சில் இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாக வேண்டும். குடும்பமே சும்மா இருக்கிறது என்றால் சமைப்பது யார்?

எங்கள் வீட்டில் கோடை விடுமுறை என்றால் எனக்கு வேலை இரட்டிப்பாகிறது. பள்ளி நாட்களில் பிள்ளைகள் டிபன் பாத்திரத்தோடு போய்விடுவார்கள், கணவர் பட்டறைக்குப் போய்விடுவார். கோடையில் எல்லோரும் கூடத்தில் கிடப்பார்கள். காலைப் பலகாரம், பத்து மணிக்கு ஏதாவது, மதியச் சோறு, நான்கு மணிக்குத் தேநீர், இரவுச் சோறு. இதற்கு நடுவில் தண்ணீர்த் திருவிழாவுக்கு வரும் விருந்தாளிகள். மின்சாரம் இல்லாததால் சோற்றுக் குக்கர் உதவாது, கரியடுப்புதான். ஏப்ரல் மாதத்துப் பெகுவில் மதியம் பதினொரு மணிக்குக் கரியடுப்பின் முன் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீரும் இல்லை. கீழேயிருந்து வாளியில் தூக்க வேண்டும். மற்றவர்களுடைய ஓய்வை ஒருத்தி தன் முதுகில் சுமக்கிறாள் என்றால் அதைக் குடும்பத்தின் ஓய்வு என்று நான் ஏற்க மாட்டேன்.

தாம்வே அக்கா, உங்கள் மாமியார் தாயம் ஆடிக்கொண்டிருந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? கோபமாகக் கேட்கவில்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தாம்வே வாசகி எழுதியது:

பெகு தங்கைக்கு: நானும் அந்தத் தாயத்தில் ஓர் ஆளாக உட்கார்ந்திருந்தேன். அதற்கு எனக்கு நேரம் எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்வதுதான் உங்கள் கேள்விக்கு மரியாதை. ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கோடையில் எங்கள் வீட்டில் அடுப்பு காலை எட்டரை மணிக்குள் அணைந்துவிட வேண்டும் என்பது நாங்கள் பேசி வைத்த விதி. காலைப் பலகாரத்தை வீட்டில் செய்வதில்லை. தெருமுனையில் மொய்ங்கா என்ற மீன்சாற்று நூடுல்ஸ் விற்கும் அம்மாவிடம் தூக்குச்சட்டியைக் கொடுத்து மகன் வாங்கி வருவான். அப்பாயிக்கு மட்டும் இட்லி, அதையும் தமிழ்க் கடையிலிருந்து கொண்டுவந்துவிடுவோம். மதியத்துக்கு ஒரு குழம்பு, ஒரு காய், அவ்வளவுதான். இரவு பெரும்பாலும் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், மாவடு. மௌல்மீன் பக்கம் மோன் மக்கள் திஞ்சான் நாட்களில் செய்யும் திஞ்சான் தமின் என்ற சோறு உண்டு; சோற்றை மெழுகுவத்திப் புகையில் மணமூட்டிய குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மாங்காய்ப் பச்சடியும் வறுத்த கருவாடும் தொட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மோன் தோழி இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு என் மாமியாரே பழைய சோறு போடுவதில் இருந்த கூச்சத்தை விட்டுவிட்டார்.

தண்ணீர் என் கணவர் பொறுப்பு. எங்கள் பகுதிக்கு மின்சாரம் முறை வைத்து வருகிறது. நள்ளிரவில் வந்தாலும் அவர் எழுந்து மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியையும் பீப்பாய்களையும் நிரப்பிவிடுவார். அவர் டீக்கடை வைத்திருக்கிறார். வேலைப் பையன்கள் எல்லாம் திஞ்சானுக்குத் தங்கள் கிராமங்களுக்குப் போய்விடுவதால் கடையும் அந்த நாட்களில் மூடியிருக்கும். ஆண்டு முழுவதும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பால் காய்ச்சுகிற மனிதர் அப்போதுதான் பிள்ளைகளோடு பகலில் படுத்திருக்கிறார். பாத்திரம் கழுவுவது மகனும் மகளும், ஆளுக்கு ஒரு வேளை. முதல் வாரம் எண்ணெய்ப் பிசுக்கோடுதான் இருந்தது. நான் திரும்பக் கழுவவில்லை. அடுத்த வேளைச் சோறு அதே தட்டில் வந்தது. பிறகு தானாகச் சரியானது.

ஒரு வேலையை மட்டும் நான் விடவில்லை, வடகம். பங்குனி வெயிலில் கூழ் காய்ச்சி மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்துப் பிழிந்துவிட வேண்டும். மே மாதம் பாதியில் மழை பிடித்துக்கொண்டால் ரங்கூனில் எதுவும் காயாது. மழைக்காலம் முழுவதற்கும் அந்த வடகம்தான். காக்கை விரட்டுவது பிள்ளைகள் வேலை. அங்கே நிழலில் உட்கார்ந்துகொண்டுதான் அப்பாயி தன் தகப்பனார் கப்பலில் மூன்று நாள் வாந்தியெடுத்துக்கொண்டு ரங்கூன் துறையில் இறங்கிய கதையைச் சொன்னார். பேரன் கேட்டான்: ஏன் வந்தார், யார் கூப்பிட்டார்கள், கப்பலில் என்ன சாப்பாடு. இந்தக் கேள்விகளை அவன் தமிழில் கேட்டான், ஏனென்றால் பதில் சொல்லக்கூடியவருக்கு அந்த மொழிதான் தெரியும். நான் வேறெதற்காகவும் இந்தக் கோடையைக் காக்கவில்லை.

தன்லின் மாணவன் எழுதியது:

பெரியவர்கள் நடுவில் நானும் ஒன்று சொல்லலாமா? நான் இப்படிப்பட்ட கோடைகளில் வளர்ந்தவன். எங்கள் தாத்தா வீட்டில் கோடை என்றால் பங்குனியில் பீலிக்கான் அங்காள பரமேசுவரி கோயில் தீமிதிக்குப் போய்வருவோம், அதோடு பயணம் முடிந்தது. பிறகு மழை வரும்வரை வீடுதான். நான் இன்று இந்த இழையில் தமிழில் எழுதுவது அந்தக் கோடைகளால்தான். கோயில் வகுப்பாலும்தான், ஆசிரியர் ஐயா.

ஆனால் என் தம்பியைப் பார்க்கிறேன். அவனும் வீட்டில்தான் இருக்கிறான், தாத்தாவும் வீட்டில்தான் இருக்கிறார், இருவரும் பேசிக்கொள்வதில்லை. அவன் கையில் தொலைபேசி. மின்சாரம் போனாலும் பவர்பேங்கில் ஓடுகிறது. நேரம் இருந்தால் மொழி வந்துவிடும் என்று அக்கா எழுதியிருக்கிறார்கள். நேரம் மட்டும் போதாது. எங்கள் வீட்டில் முதலில் தொலைபேசியை எடுப்பது அப்பா, பிறகு அம்மா, கடைசியாகத்தான் தம்பி. பெரியவர்கள் கீழே வைத்தால்தான் அவனிடம் கேட்க முடியும். இதை வீட்டில் நேராகச் சொல்ல எனக்கு வயதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

சௌக் வாசி எழுதியது:

எங்கள் ஊரைப் பற்றி நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். 2024 ஏப்ரல் 28 அன்று இங்கே 48.2 பாகை செல்சியஸ் பதிவானது. இந்த நாட்டில் ஏப்ரல் மாதத்தில் அதுவரை பதிவானவற்றில் அதுவே மிக அதிகம். எனவே வீட்டில் இருப்பதா வெளியே போவதா என்ற கேள்வி ஐராவதிக் கரையின் வறண்ட பகுதியில் இருக்கும் எங்களுக்கு எழுவதே இல்லை. பத்து மணிக்கு மேல் நாலரை மணி வரை பிள்ளைகள் வாசல் தாண்டக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன். தகரக் கூரை வீட்டில் மேல்மாடியில் பகலில் யாரையும் படுக்கவிடாதீர்கள். மூங்கில் தட்டியை மேற்குப் பக்கச் சன்னலுக்கு வெளியே கட்டி நனைத்துவிடுங்கள். உள்ளே கட்டினால் பயன் குறைவு. முதியவர்கள் தாகம் எடுக்கவில்லை என்பார்கள், நம்பாதீர்கள். மணிக்கு ஒருமுறை மோரோ உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரோ கொடுத்துக்கொண்டே இருங்கள். யாருக்காவது உடல் கொதித்து, பேச்சு குழறினால் அது வெயில் தாக்கு. உடனே ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்; நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் சொல்கிறேன். பர்மியர் வீட்டு வாசல்களில் வழிப்போக்கருக்காக மண்பானையில் தண்ணீர் வைத்திருப்பார்களே, அதைப் போலவே நாங்களும் வைக்கிறோம். ராமநவமியன்று மட்டும் பானகம். காலையும் மாலையும் பானையைக் கழுவி நிரப்புவது என் பேத்தி. யார் யார் வந்து குடித்தார்கள் என்று இரவில் எனக்கு ஒப்பிக்கிறாள். அதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

மௌல்மீன் ஆசிரியர் எழுதியது:

தன்லின் தம்பியின் எழுத்தில் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. என் கட்சிக்கு அது போதும்.

விழா நாட்களைப் பற்றி ஒரு சொல். ஏப்ரல் 14 அன்று நமக்கு வருடப் பிறப்பு. பர்மியர்களுக்கு அன்று தஜாமின், நாம் இந்திரன் என்று வணங்குகிறவன், பூமிக்கு இறங்கும் நாள். நல்லது செய்த பிள்ளைகளின் பெயரைப் பொன்னேட்டிலும், கெட்டது செய்தவர்களின் பெயரை நாய்த்தோல் ஏட்டிலும் எழுதிக்கொண்டு போவான் என்பது அவர்கள் நம்பிக்கை. ஏப்ரல் 17 அன்று அவர்களுக்குப் புத்தாண்டு. இந்த நான்கைந்து நாட்கள் நம் இரு வீட்டாரும் ஒரே வாசலில் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் பர்மியப் பெண்கள் அரிசிமாவில் வெல்லத்தைப் பொதித்துக் கொதிநீரில் போட்டு மோன்லோன்யேபோ செய்கிறார்கள். உருண்டை மேலே மிதந்தால் வெந்தது என்று பொருள். அதில் ஒன்றில் வெல்லத்துக்குப் பதில் பச்சை மிளகாயை வைத்துவிடுவார்கள், யார் வாயில் அகப்படுகிறதோ அவர்கள் அன்றைக்கு ஊருக்கே சிரிப்பு. எங்கள் வீட்டிலிருந்து மாங்காய்ப் பச்சடியும் வடையும் போகும். முதல் மழை விழுந்தால் மறுநாள் பிதௌக் மரங்கள் மஞ்சளாகப் பூத்துவிடும்; நம் புலவர்கள் பாடிய வேங்கையின் இனம் அது. ஒரு நாளில் உதிர்ந்துவிடும் என்பதால் அன்று காலையே பறித்துச் சூடிக்கொள்வார்கள். பிள்ளைகள் ஊருக்குப் போயிருந்தால் இவை ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். இந்த அளவுக்கு நான் தாம்வே தங்கச்சியோடு முழுவதும் உடன்படுகிறேன். யுனெஸ்கோ 2024-இல் இந்தத் திருவிழாவை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த மரபின் ஒரு மூலையில் நம் வடையும் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஆனால் எழுத்தைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. உங்கள் மாமியார் கப்பல் கதையைச் சொன்னார் என்று எழுதினீர்கள். அதை யார் எழுதி வைத்தார்கள்? உங்கள் மகன் அதை ஒரு நோட்டில் தமிழில் எழுதியிருந்தால் எனக்கு இரண்டு மணி நேரமும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம். எழுத முடியுமா அவனால்?

தாம்வே வாசகி எழுதியது:

ஐயா, இன்றைக்கு அவனால் முடியாது. எழுத்துக்கூட்டிப் படிப்பான், எழுதினால் இரண்டு வரியில் நின்றுவிடுவான். உங்கள் கேள்வியை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். திஞ்சான் முடிந்ததும் மகனை எங்கள் பகுதிக் கோயில் வகுப்புக்கு வாரத்தில் மூன்று காலை மட்டும் அனுப்புவது என்று பேசியிருக்கிறோம். அந்தக் கப்பல் கதையையே எழுத வைக்கும்படி அங்கே சொல்லிக்கொடுக்கும் அம்மாவிடம் கேட்டுக்கொள்வேன். மகளை இந்த ஆண்டு அனுப்பப் போவதில்லை. அவளுக்கு அப்பாயியோடு இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை. அப்பாயிக்கு எண்பதை நெருங்குகிறது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தன்லின் தம்பிக்கு: எங்கள் வீட்டில் பகல் உணவு முடிந்ததிலிருந்து மாலைத் தேநீர் வரை எல்லாத் தொலைபேசிகளும் அரிசி டப்பாவின் மேல் இருக்கும், என்னுடையதும் சேர்த்து. கடைக்கு மாவு அனுப்புகிறவர் அழைப்பார் என்பதால் கணவருடையது மட்டும் ஒலி எழுப்பும். உங்கள் அப்பாவிடம் நேராகச் சொல்ல முடியாவிட்டால் தாத்தாவைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

சௌக் ஐயா சொன்னபடி தட்டியை வெளியே மாற்றிக் கட்டிவிட்டோம். கூடத்தில் வேறுபாடு தெரிகிறது.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறேன். அப்பாயி பல்லாங்குழி ஆட வேண்டும் என்கிறார். எங்கள் வீட்டிலிருந்த மரப் பலகை பல ஆண்டுகளுக்கு முன் நர்கிஸ் புயலில் கூரை போனபோது தண்ணீரில் ஊறிப் பிளந்துவிட்டது. ரங்கூனிலோ பெகுவிலோ யாராவது செய்து தருகிறார்களா, அல்லது பழைய பலகை யாரிடமாவது இருக்கிறதா?

பெகு இல்லத்தரசி எழுதியது:

அக்கா, விவரமாக எழுதியதற்கு நன்றி. அடுப்பை எட்டரை மணிக்கு அணைக்கும் விதியை எங்கள் வீட்டில் இன்று சொல்லிப் பார்த்தேன். கணவர் சரி என்றார், மாமனார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் தூக்குவதைப் பற்றிய பேச்சு நாளைக்கு.

பலகை எங்களிடம் இல்லை, ஆனால் எங்கள் கணவருடையது தச்சுப் பட்டறைதான். தேக்கில் ஒரு பக்கத்துக்கு ஏழு குழி, இரண்டு பக்கமும் பதினான்கு குழி, இரண்டு முனையிலும் காய் சேர்த்து வைக்க ஒவ்வொரு பெரிய குழி என்று குடைந்து தர முடியும் என்கிறார். உங்கள் அப்பாயி குழிக்கு ஐந்து காய் போட்டு ஆடுவாரா, ஆறு காய் போட்டு ஆடுவாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். ஆறு என்றால் குழியைக் கொஞ்சம் ஆழமாகக் குடைய வேண்டுமாம். திஞ்சானுக்கு முன் எங்கள் கொழுந்தனார் சரக்கு வண்டியோடு ரங்கூனுக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தாம்வே வாசகி எழுதியது:

ஐந்துதான், தங்கை. சோழி இங்கே கிடைக்கவில்லை, புளியங்கொட்டையை வைத்தே ஆடிக்கொள்வோம். கூலி எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். வண்டி வரும்போதே கொடுத்துவிடுகிறேன். கொழுந்தனார் மதியத்துக்கு மேல் வந்தால் எங்கள் வீட்டில் சூடான சாப்பாடு இருக்காது என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.